ட்ரோன் பறக்கும் முன்பே போலரைசரைத் திருப்பி வைப்பது எப்படி

தண்ணீரின் பளபளப்பை அடக்க லென்ஸ் முன்னால் மாட்டும் பில்டர்தான் போலரைசர். கையில் பிடிக்கும் கேமராவில் அதைப் போடுவது பெரிய வித்தையில்லை. பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்புவோம், தண்ணீரின் பளபளப்பு போனதும் நிறுத்திவிடுவோம். ட்ரோன் முப்பது மீட்டர் மேலே போய்விட்டால் யார் ஏறிப் போய்த் திருப்புவது? பலரும் வீட்டில் ஏதோ ஒரு நிலையில் மாட்டிவிட்டு, மேலே ஏற்றி, திரையில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை என்று பில்டரைத் திட்டுகிறார்கள். நானும் ஒரு வருடம் அப்படித் திட்டியவன்தான்.

எனக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம். பிழைப்பு கல்யாண வீடியோ. கையிலிருப்பது டிஜேஐ மினி 2 என்ற சின்ன ட்ரோன், இறக்குமதிக்குத் தடை வந்த 2022 பிப்ரவரிக்கு முன்பே வாங்கியது. கல்யாணம் இல்லாத மாதங்களில் மீன் குத்தகைக்காரர்கள் கூப்பிடுவார்கள். குளத்தில் பாசி எவ்வளவு, வெங்காயத்தாமரை எந்த மூலையில், கரையோரம் ஆழம் எங்கே குறைவு என்று மேலிருந்து பார்க்க வேண்டும். அந்த வேலைதான் எனக்கு போலரைசரைச் சொல்லிக் கொடுத்தது. கல்யாண வேலை அதை எப்போது கழற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் எந்தக் கோணம் என்று பார்ப்போம். தண்ணீர் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் படுக்கைவாட்டில் அதிர்வதாக மாறுகிறது. எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு மாறுவதில்லை. தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அது முழுமையாக மாறுகிறது. அப்போது நிமிர்ந்த வாட்டத்தை மட்டும் விடும் பில்டரை வைத்தால் பளபளப்பு அப்படியே அடைபட்டு, அடியில் இருப்பது தெரியும். ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ப்ரூஸ்டர் 1815-இல் இந்தக் கோணத்துக்குக் கணக்கு சொன்னார். அதற்கு ஏழு வருடம் முன்பு, 1808-இல், பாரிஸில் மாலுஸ் என்பவர் எதிரே இருந்த அரண்மனையின் சன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயிலை ஒரு படிகம் வழியாகப் பார்த்து, படிகத்தைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் கூடிக் குறைவதைக் கண்டிருந்தார்.

37 டிகிரி என்றால் மனதில் நிற்காது. என் அப்பா கொத்தனார். அஸ்திவாரம் தோண்டும் முன் மூலை சரியா என்று பார்க்க, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து, குறுக்கே கயிறு ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். தண்ணீருக்குள் நுழையும் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய மூன்றில் நாலு. அதனால் ப்ரூஸ்டர் சொன்ன கோணமும் அதே மூன்று நாலு ஐந்து முக்கோணத்தில்தான் உட்காருகிறது. ட்ரோன் உயரம் மூன்று பங்கு என்றால், பார்க்கும் இடம் நாலு பங்கு தூரத்தில். 30 மீட்டர் உயரத்தில் நின்றால் 40 மீட்டர் முன்னால் இருக்கும் தண்ணீர் மிகத் தெளிவாகத் தெரியும். 15 மீட்டர் என்றால் 20. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நாங்க எப்பவோ பண்றதுதானடா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

கேமராவை ஆடாமல் தாங்கிச் சாய்க்கும் மோட்டார் தாங்கிதான் கிம்பல். ரிமோட்டில் கிம்பல் சக்கரத்தைச் சுழற்றும்போது திரையோரம் கோணம் எண்ணாக வரும், மைனஸ் என்றால் மட்டத்திலிருந்து கீழே. மைனஸ் 37 அல்லது 38-இல் நிறுத்துங்கள். லென்ஸ் அகலமானது என்பதால் படச் சட்டத்துக்குள் சுமார் மைனஸ் 15-லிருந்து மைனஸ் 60 வரை அடங்கும். நடுவில் ஒரு பட்டையில்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி விலகும். மேல் விளிம்பில் மினுமினுப்பு மீதி இருக்கும், அதை எந்த பில்டராலும் எடுக்க முடியாது. நேர் கீழே, மைனஸ் 90-இல், போலரைசருக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தக் கோணத்தில் தண்ணீர் திருப்பி அனுப்புவதே வெறும் இரண்டு சதவீதம் வெளிச்சம்தான். பாசியை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், பில்டரைக் கழற்றிவிட்டு நேர் கீழே பார்த்து எடுப்பதே போதும் என்ற நாட்களும் உண்டு. ஒரு சிக்கல்: எங்கள் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நாலாம் வாரத்திலும் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது நேர் கீழே எடுத்தால் சட்டத்தின் நடுவில் சூரியனே கண்ணாடியில் விழுந்த மாதிரி வெள்ளைப் பொட்டு. அதற்கும் போலரைசர் உதவாது, நேரத்தை மாற்றுவதுதான் வழி.

இனி திருப்பும் வேலை. மினி 2-க்குக் கிடைக்கும் பில்டர்கள் பெரும்பாலும் லென்ஸ் மேல் அழுத்திப் பொருத்துபவை. வேறு சில மாடல்களில் முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றிவிட்டு பில்டரைப் பொருத்த வேண்டும். எதுவாக இருந்தாலும், எந்தப் புள்ளி மேலே இருந்தால் பளபளப்பு சாகும் என்று தெரிந்துகொண்டால் போதும். சில பில்டரில் கோடு போட்டிருப்பார்கள், சிலதில் இருக்காது. கோடு இருந்தாலும் நம்பாதீர்கள், ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சோதனைக்கு ட்ரோனே வேண்டாம். வீட்டில் மொசைக் தரையோ டைல்ஸோ இருந்தால், எதிரில் சன்னல் வருமாறு தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். சன்னல் வெளிச்சம் தரையில் விழுந்து பளபளக்கும் இடம், உங்களிடமிருந்து சுமார் மூன்றரை அடி தூரத்தில் இருக்கட்டும். கண் உயரம் இரண்டரை அடி என்றால் கணக்கு கிட்டத்தட்ட சரியாக வந்துவிடும். பில்டரை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். லென்ஸ் பக்கம் கண்ணை நோக்கியும், வெளிப்பக்கம் தரையை நோக்கியும் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் இருட்டாது. வட்டப் போலரைசர் (சர்க்குலர் போலரைசர்) எனப்படும் இந்த வகையின் உட்பக்கத்தில் இன்னொரு படலம் இருக்கிறது, அது முதலில் வந்தால் வேலை கெட்டுவிடும். பளபளப்பு மறைந்து டைல்ஸின் பூவேலை தெரிகிற இடத்தில் நிறுத்தி, பில்டரின் உச்சியில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு சின்னப் பொட்டு வையுங்கள். தங்கச்சியிடம் கேட்டால் கொடுப்பாள், கொஞ்சம் சிரிப்பாள்.

நான் முதலில் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை, பில்டர் போலி என்றே முடிவு கட்டினேன். உலோகத்திலிருந்து திரும்பும் வெளிச்சத்தை போலரைசர் அடக்காது. தட்டின் அடியே பளபளத்துக்கொண்டிருந்தது. கறுப்பு கிரானைட், சாயம் பூசிய மேசை, நனைந்த சிமெண்ட் இவையெல்லாம் சரி. எவர்சில்வர், பித்தளை, துத்தநாகத் தகடு வேண்டாம்.

இப்போது அந்தப் பொட்டு பன்னிரண்டு மணி இடத்தில் வருமாறு பில்டரை மாட்டினால் தண்ணீருக்கான நிலை தயார். ட்ரோனில் இதுதான் பெரிய வசதி. கிம்பல் எப்போதும் கேமராவை மட்டமாக வைத்திருக்கிறது. தண்ணீரும் மட்டமாகக் கிடக்கிறது. ஆகவே ட்ரோன் கிழக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும், எதிரே இருக்கும் தண்ணீரின் பளபளப்பு படுக்கைவாட்டிலேயே வரும். ஒருமுறை வைத்தால் முழுச் சுற்றுக்கும் அதுவே சரி. உச்சிப் பொட்டு, அடிப் பொட்டு இரண்டும் ஒன்றுதான், பாதிச் சுற்று திருப்பினால் அதே விளைவு. கால் சுற்று திருப்பினால்தான் எல்லாம் தலைகீழாகும், பளபளப்பு மட்டும் மிஞ்சும்.

மாட்டும்போது பவர் அணைந்திருக்க வேண்டும். பவர் இருக்கும்போது வளையத்தைத் திருப்பினால் கிம்பல் மோட்டார் எதிர்த்து நிற்கும், சமயத்தில் ஓவர்லோடு என்று எச்சரிக்கை வரும். கேமரா உடம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பில்டரை நேராக அழுத்துங்கள். கோணலாக உட்கார்ந்த பில்டர் பறக்கும்போது கழன்று விழும். என்னுடையது ஒன்று ஒரு தாமரைக் குளத்தில் கிடக்கிறது. மாட்டிய பிறகு புல் மேல் வைத்து பவர் போடாதீர்கள், கிம்பல் தன்னைச் சோதித்துக்கொள்ள ஒரு ஆட்டம் ஆடும், புல்லில் இடிக்கும். நான் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் முறத்தைக் கவிழ்த்து அதன் மேல்தான் வைப்பேன். ஏற்றுவதற்கு முன் பொட்டு நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. இறக்கியதும் இன்னொரு பார்வை. இறக்கைகளின் அதிர்வில் தளர்ந்த வளையங்கள் மெல்ல நகரும்.

எடையையும் யோசிக்க வேண்டும். மினி 2 249 கிராம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்று தேவையில்லை. கனமான பில்டர் அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும், கிம்பலுக்கும் நல்லதல்ல. மளிகைக் கடைத் தராசில் வேண்டாம், நகைக்கடையில் வைத்துப் பாருங்கள். சிரிப்பார்கள், ஆனால் எடை போட்டுத் தருவார்கள். பறக்கும் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்திலும் பார்த்துவிடுங்கள். பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரைதான். நம் வேலைக்கு முப்பதே போதும்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்ச அளவை, கையால் பூட்டுவது நல்லது. போலரைசர் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) வெளிச்சத்தைத் தின்னும். தானியங்கியில் விட்டால், ட்ரோன் திரும்பும்போதெல்லாம் படம் ஏறி இறங்கும், படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையும் அப்படியே. வினாடிக்கு 25 சட்டம் வீடியோ எடுப்பவர் ஷட்டரை 50-இல் ஒரு பங்கில் வைக்க விரும்புவார். மினி 2-இன் லென்ஸ் துளை எஃப் 2.8-இல் நிரந்தரமாக நிற்பதால், நல்ல வெயிலில் போலரைசர் மட்டும் அதற்குப் போதாது, வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி கண்ணாடியும் சேர்ந்த பில்டர் வேண்டும். புகைப்படம் மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை. மீன் குத்தகைக்காரருக்கு நான் புகைப்படம்தான் எடுக்கிறேன்.

வானம் எதையும் எளிதாக விடாது. கல்யாணக்காரர்கள் கேட்பது கறுநீல வானம். அதுவும் போலரைசரால் வரும், ஆனால் சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பகுதியில் மட்டும். காலையில் சூரியன் கிழக்கே தாழ்வாக இருக்கிறது என்று வையுங்கள். வடக்கே பார்த்தால் அடிவானத்துக்கு மேலே இருக்கும் வானத்தின் வெளிச்சம் நிமிர்ந்த வாட்டில் அதிரும். தண்ணீருக்காக வைத்த பில்டர் அதை அப்படியே உள்ளே விடும், வானம் வெளுத்தே இருக்கும். வானத்தை இருட்டாக்க வளையத்தைக் கால் சுற்று திருப்பினால் தண்ணீரின் பளபளப்பு முழுசாகத் திரும்பி வரும். காலையிலும் மாலையிலும் இரண்டையும் ஒருசேரக் கேட்காதீர்கள். உச்சி வெயிலில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். சூரியன் தலைக்கு மேலே இருப்பதால் எந்தத் திசையின் அடிவானத்திலும் வானத்தின் வெளிச்சம் படுக்கைவாட்டில் வரும், தண்ணீருக்கான நிலையிலேயே வானமும் சுற்றிலும் ஒரே சீராக இருளும். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்யாண ஜோடியை எந்த முகத்தோடு வெயிலில் நிறுத்துவது!

இன்னொன்று, அகல லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் இருண்டு, இரு ஓரமும் வெளுக்கும். பனோரமா எடுத்துத் தைத்தால் நீலம் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் என் தீர்ப்பு: ட்ரோனில் போலரைசரைத் தண்ணீருக்கும் இலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், வானத்துக்கு வேண்டாம். கேமராவைக் கொஞ்சம் சாய்த்து வானத்தைச் சட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். மழை நின்றதும் வானவில் எடுக்கப் போகிறீர்களா? பில்டரைக் கழற்றிவிடுங்கள். வானவில்லின் வெளிச்சமும் ஒரு வாட்டத்தில்தான் அதிர்கிறது. வளையம் தப்பான நிலையில் இருந்தால் கண்ணுக்குத் தெரிகிற வில் திரையில் காணாமல் போகும்.

தென்னை ஓலையின் மினுக்கம், நெல் பயிரின் வெள்ளைப் பூச்சு மாதிரியான பளபளப்பு, மழையில் நனைந்த தார் ரோடு, சூரியத் தகடுகளின் கண்ணாடி எல்லாம் இதே நிலையில் அடங்கும். இலைகள் ஆயிரம் கோணத்தில் சாய்ந்திருப்பதால் தண்ணீர் அளவு சுத்தமாக வராது, பச்சை மட்டும் ஆழமாகும்.

காற்றும் பார்க்க வேண்டும். அலையடிக்கும் தண்ணீரின் ஒவ்வொரு நெளிவும் ஒவ்வொரு கோணம், அப்போது போலரைசர் பாதிதான் வேலை செய்யும். எங்கள் பக்கம் காலை ஒன்பதுக்குப் பிறகு காற்று எழும்பும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் எட்டே முக்கால் வாக்கில் சூரியன் சுமார் 37 டிகிரி உயரத்துக்கு வரும். அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தால்கூட, தண்ணீரில் தகதகக்கும் வெயில் பொட்டுகள் பில்டரில் பெருமளவு அடங்கிவிடும். நான் குளத்து வேலைக்கு எட்டேகாலுக்குக் கரையில் நிற்பேன். ஐப்பசி கார்த்திகை மழையில் குளம் டீ மாதிரி கலங்கிக் கிடக்கும்போது மட்டும் போக மாட்டேன். பளபளப்பை எடுத்தால் மிஞ்சுவது அழுத்தமான சேற்று நிறம்தான்.

திருச்சிக்குப் பக்கத்துத் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பி வரும்போது செய்ததும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ஆங்கில விஞ்ஞானி ரேலி சொல்லியிருந்தார். ராமன் அந்தக் காலத்துப் போலரைசரான நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, ப்ரூஸ்டர் கோணத்தில் கடலைப் பார்த்து, வானத்தின் பிரதிபலிப்பை அணைத்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அவர் கப்பல் மேல்தளத்தில் நின்று கையால் திருப்பினார். நமக்கு நகப்பூச்சுப் பொட்டு.

ஒரு எச்சரிக்கை. போலரைசர் கண்ணாடி போட்டுக்கொண்டு ட்ரோன் ஓட்டாதீர்கள். கைப்பேசித் திரையின் வெளிச்சமும் ஒரு வாட்டத்தில்தான் வருகிறது. ஒருநாள் ரிமோட்டைச் சற்று சாய்த்ததும் திரை முழுக்கக் கறுத்துவிட்டது. சூடேறி போன் அணைந்துவிட்டது என்று நினைத்து, பதற்றத்தில் ட்ரோனைப் பக்கத்துக் கரும்புக் காட்டில் இறக்கிவிட்டேன். தேடி எடுத்தது மூன்று மணி நேரம் கழித்து. கண்ணாடியைக் கழற்றியதும் திரை நல்ல வெளிச்சமாக இருந்தது.

அந்தக் கல்யாணக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெருமாள் கோயில் திருக்குளம். காலை நேரம், காற்றில்லை, படிக்கட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும். ட்ரோன் கொஞ்சம் தாழ்வாக, மைனஸ் 35 வாக்கில். பொட்டு சரியாகப் பன்னிரண்டு மணியில். இரண்டு நாள் முன்பு குளத்தில் பாசி படம் எடுத்தபோது வைத்த நிலை, கழற்ற மறந்துவிட்டேன். வீட்டில் போட்டுக் காட்டியபோது பெண்ணின் அம்மா அமைதியாகக் கேட்டார்: "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. கோபுரம் தண்ணியில விழும்ல, அது எங்க?"

கோபுரம் விழவில்லை. குளத்தின் அடியில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரு செருப்பும் மட்டும் துல்லியமாகத் தெரிந்தன.

அதிலிருந்து பில்டர் டப்பா மூடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: கோயில் குளம், நடவு வயல், அந்தி நேரத்து ஏரி என்றால் கழற்று. நாற்று நட்ட வயலில் வானம் விழுந்து கிடப்பதுதான் அழகு, போலரைசர் போட்டால் அது வெறும் சேறு. டப்பாவை வண்டி முன்பக்க வெயிலில் வைக்காதீர்கள், படலம் சூட்டில் கொப்பளிக்கும். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நகப்பூச்சுப் பொட்டு உரசி அழிந்துவிட்டால் தரையில் உட்கார்ந்து இன்னொன்று வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.